பெயர் வெட்டாத பாத்திரங்கள்

ஜெனோவா போகும்போது
தன் பெயர் வெட்டிய பாத்திரங்களை மட்டும்
எண்ணி எடுத்துக்கொண்டாள்.
நியாயம்தான்.
அவள் அப்பா சாயல்குடிக் கடையில் உட்கார்ந்து
எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து
புள்ளி புள்ளியாய்க் குத்தி வாங்கியவை.
பெயரில்லாதது எல்லாம் எனக்கு.

பதினேழு நாள் கடைச் சோறு.
இன்றைக்கு ஐஸ் கம்பெனியில் சம்பளம்.
பாம்பன் பாலத்தடியில் கித்தேரி
முக்கால் கிலோ விளைமீனைச்
செதில் பறக்கச் சுரண்டித் துண்டு போட்டாள்.
"மசாலா பிரட்டி ரெண்டு மணி நேரம் வை சந்தியாகு.
அவசரப்பட்டா மொளகா வெளிய நிக்கும்,
மீனு உள்ள தனியா நிக்கும்."
எதில் வைப்பது என்று நான் கேட்கவில்லை.
வீட்டில் பாத்திரம் இருக்கிறது என்று
அவளும் நினைத்திருப்பாள்.

மிளகாய்த்தூள், மஞ்சள், கல்லுப்பு, தட்டிய பூண்டு,
சோம்பு ஒரு சிட்டிகை,
கெட்டியாய்க் கரைத்த புளி.
முழங்கை வரை சிவப்போடு
அலமாரி முன்னால் நிற்கிறேன்.

அலுமினியச் சட்டி இருக்கிறது.
அதற்கும் புளிக்கும் ஆகாது.
கல்யாணமான புதிதில் அதில் ஊறப்போட்டு
சாம்பல் நிறத்தில் மீன் தின்றோம்,
நாக்கில் ஆணி ருசி.
"சொன்னேன்ல" என்றாள்.
சொல்லியிருப்பாள்.
கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஐஸ்கிரீம் டப்பா இருக்கிறது.
ஒரு கல்யாண நாளுக்கு வாங்கிய வெனிலா.
என்றோ பட்ட மஞ்சள் இன்னும் விடவில்லை.
திறந்தால்
போன கோடையின் நண்டு
வாசனையாக உட்கார்ந்திருக்கிறது.
எத்தனை சோப்புப் போட்டாலும்
பிளாஸ்டிக் மன்னிப்பதில்லை.

மண்சட்டி. அடியில் மயிரிழை விரிசல்.
வேண்டாம்.

ஊறுகாய் ஜாடி.
புளிக்கும் உப்புக்கும் அசையாத பீங்கான்.
கழுத்துதான் சின்னது.
துண்டைப் பாதியாக்கினால் இறங்கும்.
கத்தியை எடுத்தும் விட்டேன்.
மீனுக்குப் பாத்திரமா
பாத்திரத்துக்கு மீனா?
ஆறு வருஷம் இந்த வீட்டில்
எந்தக் கழுத்துக்குள் போக
யார் யாரை நறுக்கினோம்...
கத்தியைக் கீழே வைத்தேன்.

வெளியே வாடை
ஜன்னல் கொக்கியை ஆட்டுகிறது.
ரயில் பாலம் ஏறும் சத்தம்.
நகக்கண்ணில் மிளகாய் எரியத் தொடங்கிவிட்டது.

அரிசி வாளிக்குப் பின்னால்
ஏதோ மினுங்கியது.
மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு.
துடைத்தேன்.
மூ. சபுரம்மாள்.

இரண்டு நோன்புக்கு முன்னால்
எதிர்வீட்டிலிருந்து கஞ்சி வந்த தூக்கு.
வெறுமனே திருப்பக்கூடாது,
கிறிஸ்துமஸுக்கு முறுக்கு போட்டுத் தரலாம் என்று
ஜெனோவா எடுத்து வைத்தாள்.
அந்தக் கிறிஸ்துமஸில்
முறுக்கு சுடும் அளவுக்கு
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வாய் அகலம்.
கறுக்காது, கசியாது, நேற்றை வைத்துக்கொள்ளாது.
எட்டுத் துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப்
படுத்துக்கொண்டன.
கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஐஸைக்
குளிக்கிற வாளியில் கொட்டி
நடுவில் தூக்கை நிறுத்தினேன்.

இரண்டு மணி நேரம்
ஒரு மனுஷன் என்ன செய்வது?
அடுத்தவர் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.
'ம்' மேல் ஒரு புள்ளி போதும்,
இரண்டு விழுந்திருந்தது.

பொரித்ததில் ஒன்று தீய்ந்தது.
அது எனக்கு.
நல்லதாய் நாலு துண்டு
கழுவிய தூக்கில் வைத்து
எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சபுரம்மாள் மீனைப் பார்க்கவில்லை.
தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஒங்க வீட்லயா கெடந்துச்சு?
யா அல்லா,
ரெண்டு வருஷமா இதுக்காக
எம் மருமவகிட்ட
மூஞ்சி குடுத்துப் பேசலயேப்பா!"